மேபலுக்கு வெர்னன் என்ன முறை?

பசுமலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அஞ்சல் வழி எம்.ஏ. ஆங்கில வகுப்பில் முப்பத்தாறு பேர் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். கேள்வியைக் கேட்டது சத்யப்ரியா. பழங்காநத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவள். இருபத்தெட்டு வயது. வகுப்பில் சந்தேகம் கேட்க மட்டும் அவளுக்குக் கூச்சமே கிடையாது. மற்ற விஷயங்களில் வாய் திறக்க அவள் படும் பாடு வேறு கதை, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

"சார், மேபலுக்கு வெர்னன் என்ன முறை?"

ஜெய்சன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "கசின். அதான் புக்லயே இருக்கேம்மா."

"எந்தக் கசின் சார்? அத்தை மகனா, சித்தி மகனா?"

வகுப்பு சிரித்தது. சிரித்து முடித்ததும் ஆளாளுக்குப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள், ஏனென்றால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அது அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்னால் வந்த நாவல். பெயர் வேண்டாம், பாடத்தில் வைத்த குற்றத்துக்கு அது ஏற்கெனவே போதுமான அளவு திட்டு வாங்கிவிட்டது. கதை இதுதான். கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமைக் காடு, நடுவில் ஒரு பலகை வீடு, அதில் மேபல் என்று ஒருத்தி. புருஷன் ஹார்லனுக்கு நிலத்தின் மேல் அப்படி ஒரு வெறி. மழை பொய்த்து இருக்கிற காடே கருகிக் கிடக்கும்போது இன்னொரு காட்டை விலை பேசி முடிக்கப் போகிறான். போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தும் போகிறான். கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு அறுப்புக்கும் வெர்னன் வருவான். அறுத்துக் கொடுப்பான், போய்விடுவான். கடைசிப் பக்கத்தில் மேபல் ஒரு பெட்டியோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெர்னன் இரண்டு டிக்கெட்டோடு வருகிறான். 'வா கசின், போகலாம்' என்கிறான். அவள் எழுந்து போகிறாள். அவ்வளவுதான் நாவல். முந்நூறு பக்கம் கூடவே நடக்க வைத்துவிட்டுக் கடைசியில் ஆளை நட்டாற்றில் விடுவதற்கு இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ!

வெர்னன் அத்தை மகன் என்றால் அது ஒரு கதை. அவள் புதிதாக வாழப் போகிறாள். சித்தி மகன் என்றால் அவன் அண்ணன், தாலியறுத்த தங்கச்சியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். ஒரு சொல்லால் முந்நூறு பக்கமும் வேறாகிவிடும்.

"வெர்னன் கிளாரா ஆன்ட்டியோட மகன்தான சார்?" என்றாள் முன் வரிசையில் இருந்த ரூத். "ஆனா ஆன்ட்னா அத்தையும் ஆன்ட்தான், பெரியம்மாவும் ஆன்ட்தான்."

"அந்த ஊர்ல முறையெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் ஜெய்சன் சார். "பரிட்சையில, முடிவு வாசகர் கையில இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. மார்க் விழும்."

சத்யப்ரியா உட்கார்ந்தாள். மார்க்கைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவனைப் பற்றித்தான் கவலை.

அவன் சூரியபிரகாஷ், அழகம்மாள் அத்தையின் மகன். அத்தை என்றால் அப்பா சின்னச்சாமிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. டாக்டர்கள் பயமுறுத்துகிற அளவுக்கு நெருங்கிய ரத்தமில்லை, ஆனால் முறை முறைதான். பேரையூரில் உரக்கடை வைத்திருக்கிறான். சத்யப்ரியா எம்.ஏ. சேர்ந்த அதே மாதம் அவனும் சேர்ந்தான். "எம்.ஏ. இங்கிலீசு படிச்சா யூரியா கூடுதலா விக்குமாடா?" என்று அவன் அப்பா மொக்கையன் கேட்டாராம். அதற்கு அவன் பதில் சொன்னதாகத் தகவல் இல்லை. வகுப்பு முடிந்து பசுமலையிலிருந்து பேரையூருக்குப் போகிறவன் திருமங்கலம் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும். இவன் இரண்டு வருடமாக நேர் எதிர்ப்பக்கம் திருப்பிப் பழங்காநத்தம் வந்து, அவளை இறக்கிவிட்டுவிட்டு அப்புறம் ஊருக்குப் போகிறான். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இது போதுமான சேதி. ஆனால் சத்யப்ரியாவுக்குப் போதவில்லை. சொந்தக்காரப் பிள்ளை, பெண்ணைத் தனியாக விடாமல் பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்க்கிறான் என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

முந்தின நாள் சாயங்காலம் அத்தையிடமிருந்து போன் வந்திருந்தது. "சூரியா கல்யாண விசயமாப் பேசணும் மதினி. வர்ற வாரம் ஞாயித்துக்கெழம வாரோம்." அம்மா நாகஜோதிக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்ததும் மகளிடம் வந்து நின்றாள்.

"பொண்ணு கேக்கத்தான் வாராக. ஒனக்குச் சரியா, சரியில்லையா, வந்து நிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிரு. அம்புட்டுப் பேர் முன்னால மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத."

"அவனுக்குச் சரியான்னு தெரியலயேம்மா."

"அவனுக்கென்னடி? நீ ஒன்னையச் சொல்லு."

அங்கேதான் சிக்கல். அவளுக்கு அவனைப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை, நிறையவே பிடிக்கும். ஆனால் அவன் மனசில் ஒன்றுமில்லாமல், பெரியவர்கள் சொன்னார்கள் என்று தலையாட்டி வருகிறான் என்றால் அப்படி ஒரு கல்யாணம் அவளுக்கு வேண்டாம். நேரே கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசாத நாவல் கிடையாது, தங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. அதனால்தான் வெர்னனைப் பிடித்துக்கொண்டாள். வெர்னன் யார் என்று சூரியா சொல்லிவிட்டால் மற்றது தானாகத் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். ரொம்பக் கெட்டிக்காரத்தனம்தான்.

வகுப்பு முடிந்ததும் டீக்கடையில் கேட்டாள். "நீ என்ன நினைக்கிற? வெர்னன் யாரு?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "அண்ணன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "எப்படிச் சொல்ற?"

"வருசா வருசம் வாரான். அறுத்துக் குடுக்குறான். போறான். கூடுதலா ஒரு வார்த்த பேசியிருக்கானா? அண்ணந்தான் அப்பிடி இருப்பான்."

"பேசாம இருந்தா அண்ணனா? மனசுல ஆசை இருக்கவனும் பேசாம இருப்பான்ல?"

"இருக்கலாம்." அவன் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா மேபலும் ஒண்ணும் சொல்லலயே."

"பொம்பள எப்படி மொதல்ல சொல்லுவா?"

"அப்ப அவன் எப்படித் தெரிஞ்சுக்கிறது? அவ கசின்னு சொன்னா கசின்தான். அதுக்கு மேல அவன் என்ன செய்ய? அண்ணன்தான் சத்யா. எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

எழுந்து டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழக்கம்போல நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது. இறங்கும்போது "வாரேன்" என்றான், அவளும் "சரி" என்றாள். அவன் போன பிறகு தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றாள். அண்ணனாம். சந்தேகமே இல்லையாம்.

அந்த வாரம் முழுக்க நாவலை மறுபடி படித்தாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்ததில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு போலீஸ்காரி துப்புத் துலக்குகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஓரிடத்தில், சின்ன வயசில் மேபலுக்கும் வெர்னனுக்கும் ஒன்றாக அம்மை போட்டு, ஒரே கட்டிலில் படுக்க வைத்திருந்ததாக வந்தது. சரி, அண்ணன்தான். நூறு பக்கம் தள்ளி, ஹார்லன் செத்த பிறகு அவனுடைய குளிர்க் கோட்டை வெர்னனிடம் நீட்டுகிறாள் மேபல். அவன் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் ஆணியில் தொங்கவிட்டுவிட்டுக் குளிரிலேயே போகிறான். அண்ணன் என்றால் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டானா? செத்தவனுடைய இடத்தில் நிற்கக் கூசியவன்தானே அப்படிச் செய்வான்? இதைத் தன் பள்ளியின் அறிவியல் டீச்சர் முத்துமீனாவிடம் சொன்னாள். "கோட்டு அளவு சேராம இருந்திருக்கும்" என்றாள் முத்துமீனா. அறிவியலிடம் போய்க் கேட்டது தன் தப்பு என்று திரும்பிவிட்டாள்.

படிக்கப் படிக்க வெர்னனை விட மற்ற இரண்டு பேர்மேல்தான் ஆச்சரியம் கூடியது. இத்தனை நாள் ஹார்லனை ஒரு கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவன் மேபலை ஒருநாளும் அடித்ததில்லை, வைததும் இல்லை. எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். காடு வாங்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. சரி, அவன்தான் கேட்கவில்லை, மேபல் சொன்னாளா? அந்தக் காடு வேண்டாம் என்று அவளும் கடைசிவரை சொல்லவில்லை. இவளைப் போய்ப் பொறுமைசாலி என்று ஜெய்சன் சார் நோட்ஸ் கொடுத்திருந்தார். பொறுமையாவது! வாயில் கொழுக்கட்டை. மூன்று பேரில் ஒருத்தர் ஒருநாள் வாயைத் திறந்திருந்தால் நாவல் அறுபதாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும். சத்யப்ரியாவுக்கு மேபலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம் வந்தது. அடுத்த நிமிடம், தானும் என்ன பெரிதாகப் பேசிவிட்டோம் என்று நினைப்பு வந்து புத்தகத்தை மூடிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம், பள்ளியில் சாப்பாட்டு வேளையில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"சூரியா, அந்தக் கோட்டு விசயம் பாத்தியா? அண்ணன்னா அத ஏன் போட்டுக்கல?"

"இன்னும் அதையேவா படிச்சுக்கிட்டு இருக்க?"

"சொல்லு. ஏன் அவன் அண்ணன்னு அம்புட்டு உறுதியாச் சொல்ற?"

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீதான சொன்ன" என்றான்.

"நான் எப்ப வெர்னனப் பத்திச் சொன்னேன்?"

"வெர்னன இல்ல. சேந்த அன்னைக்கு ஜெய்சன் சார் ஒங்கிட்டக் கேட்டாரு, கூட வந்திருக்கது யாரும்மான்னு. கசின் பிரதர் சார்னு சொன்ன. நான் பக்கத்துல நின்னு பாரத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆமாம், சொல்லித்தான் இருந்தாள். நம் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, கூட வந்த வாலிபனை வாத்தியாரிடம் 'முறைமாப்பிள்ளை' என்றா சொல்வாள்? 'கசின்' என்று மொட்டையாக விட்டாலும் நாலு பேர் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு பிரதரை ஒட்டவைத்துவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும். வாத்தியார் வாயை அடைக்கப் போட்ட பூட்டை இவன் தனக்கென்று எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வருடம் சாவியில்லாமல் திரிந்திருக்கிறான்.

"அது... அது சும்மா சொன்னது சூரியா."

"சும்மாவா?" அவன் குரல் மாறியது. "சும்மான்னா..."

அதற்குள் பின்னால் ஒருவர், "தம்பி, மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துருச்சு, மருந்து குடுங்க, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவது கேட்டது. "ஆள் நிக்கிது. வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான். திரும்ப அழைக்கவும் இல்லை.

அவள் மூன்று நாளும் செய்தி எழுதி எழுதி அழித்தாள். 'நான் உன்னை அண்ணனாக நினைக்கவில்லை' என்று எழுதிப் பார்த்தால் அது நேரே ஆசையைச் சொன்னதாக இருந்தது. 'தப்பாக நினைத்துக்கொள்ளாதே' என்று எழுதினால் அதற்கு எந்த அர்த்தமும் கொடுக்கலாம். நடுவில் இன்னொரு சந்தேகம் வேறு முளைத்தது. நிஜமாகவே அந்தச் சொல்லால் மனசு ஒடிந்தானா, இல்லை, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அது தோதாகப் போய்விட்டதா? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு வருகிறார்கள்? அம்மா தினமும் காலையில் "என்னடி, சரியா?" என்று கேட்டாள். சத்யப்ரியா தினமும் "தெரியலம்மா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். அழகம்மாள் அத்தை, மொக்கையன் மாமா, பின்னாலேயே சூரியா. அம்மா காலையிலேயே பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். சத்யப்ரியாவுக்குச் சேலை கட்டிவிட்டிருந்தாள். சூரியா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைத்தான் பார்த்தான். காபி வந்தது, மிக்சர் வந்தது, மழை வராததைப் பற்றி ஆண்கள் பேசி முடித்தார்கள்.

அத்தை தொண்டையைச் செருமினாள். "அண்ணே, மதினி, நல்ல காரியமா வந்திருக்கோம். நம்ம சூரியாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பொண்ணு அமைஞ்சிருக்கு. திவ்யான்னு பேரு, பேங்க்ல வேல பாக்குது. தரகர் வெள்ளைத்துரைதான் சொன்னாரு. வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறோம்."

பூவை எடுக்க எழப் போன அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சின்னச்சாமி, "அப்பிடியா, சந்தோசம் தாயி" என்றார். குரலில் சந்தோசம் இல்லை.

"எனக்கும் மனசுல வேற எண்ணம் இருந்துச்சு அண்ணே, பொய் சொல்லக் கூடாது" என்றாள் அத்தை, அம்மாவைப் பார்க்காமல். "வருசக்கணக்கா இவன்கிட்டக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அந்தப் பேச்சே எடுக்காதம்மா, சத்யா என்னைய அண்ணனாத்தான் நெனைக்கிதுன்னுட்டான். சரி, படிச்ச புள்ளைக, அதுகளுக்குள்ள ஒரு இது இருக்கும். அத நாம கெடுக்கக் கூடாது."

சத்யப்ரியா சூரியாவைப் பார்த்தாள். அவன் காதெல்லாம் சிவந்து, காலி டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இப்ப ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்று அத்தை அவள் பக்கம் திரும்பினாள். "இவனுக்குத்தான் கூடப்பெறந்தவ இல்லயே ஆத்தா. பொண்ணு பாக்கப் போறப்ப நீ வரணும். நாளைக்குக் கல்யாணத்துல மொத முடிச்ச இவன் போட்டா, மத்த ரெண்டு முடிச்சையும் நாத்தனாரா நின்னு நீதான் போடணும். பழைய முறைக்கு அது சரிப்படாதுதான். ஆனா இங்கிலீசுல எல்லாமே ஒண்ணுதானாம்ல? நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறயாம். என்னம்மா, வருவேல்ல?"

அம்மா சமையலறைக்கு எழுந்து போனாள், அழுவதற்காகத்தான். சத்யப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் மரியாதையாக முடியும். அத்தை சந்தோசமாகப் போவாள். இவன் கல்யாணத்தில், இவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, வேறொருத்தி கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட வேண்டும். அந்தக் காட்சி கண்ணுக்கு வந்தது. இவனுக்கு என்னைப் பிடிக்குமா என்று இந்த நிமிடம்வரை தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும்.

"முடியாது அத்தை" என்றாள்.

"ஏன்டி ஆத்தா? லீவு கெடைக்காதா?"

"முறை கிடையாது." குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் முடிச்சுப் போடுற முறை இல்ல அத்தை. கட்டிக்கிற முறை. என்னைய நாத்தனாரா நிக்கச் சொல்லாதீக, என்னால முடியாது."

மொக்கையன் மாமா வாயில் போட்ட மிக்சரை மெல்லாமல் வைத்திருந்தார். சூரியா டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து விறுவிறுவென்று வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டான். அவமானப்பட்டுப் போகிறானா, கோபத்தில் போகிறானா, யாருக்கும் விளங்கவில்லை. சத்யப்ரியாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது என்றும் நினைத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்தான். கையில் போன் இருந்தது.

"எங்கடா போன?" என்றார் மொக்கையன்.

"வெள்ளைத்துரை அண்ணனுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கெழம வரலன்னு சொல்லிட்டேன். போயிப் பாத்துட்டு வேணாம்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு மனசு சங்கடமாயிரும்ல." மூச்சு வாங்கியது. "உள்ள சிக்னல் இல்ல, அதான் தெருவுக்குப் போனேன்."

"அடப் பாவிகளா!" என்றாள் அத்தை. திட்டுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சூரியா நேராக வந்து சத்யப்ரியாவின் முன்னால் நின்றான். அத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கூச்சமெல்லாம் அவனுக்குப் போய்விட்டிருந்தது. "நான் ஒங்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கல. தப்புத்தான். இப்பக் கேக்குறேன். என்னையக் கட்டிக்கிறயா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று பார்த்தவர்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

"ஏய், தலைய ஆட்டாத" என்றான் அவன் பதறிப்போய். "வாயத் தொறந்து சொல்லு. நான் மறுபடியும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுப் போயிருவேன்."

"சரி" என்றாள். அது போதாதோ என்று பயந்து, சமையலறையில் இருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.